யோகனின் பெயர் எப்படித் தெரிந்தது

மகனுக்கு,

உன் கூட்டாளியைப் பற்றி நீ எழுதிய கட்டுரை வந்த சஞ்சிகை போன கிழமை தபாலில் கிடைத்தது. ஆவணியில் உன் கல்யாணத்துக்கு ஊருக்கு வரும்போது கையோடு கொண்டுவருவாய் என்று நினைத்திருந்தேன். உனக்குப் பொறுமை இல்லை, சின்ன வயதிலிருந்தே இல்லை. "வாசித்துப்போட்டு அவன்ட அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுங்க" என்று ஒரு துண்டில் எழுதி உள்ளே வைத்திருந்தாய். மூன்று தரம் வாசித்தேன். முதல் தரம் தாயாக வாசித்து அழுதேன். இரண்டாம் தரம் முப்பது வருடம் பிள்ளைகளுக்கு வாசிக்கப் படிப்பித்தவளாக, சிவப்புப் பேனையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தேன். மூன்றாம் தரம் ஒரு இடத்துக்கு மேல் வாசிக்காமல் நின்றுவிட்டேன். அது ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நீ ஊருலகம் பார்க்க அச்சில் எழுதியதற்குப் பதிலை நான் உறையில் ஒட்டி இரகசியமாக அனுப்புவது சரியில்லை. அதே சஞ்சிகைக்கே இதையும் அனுப்புகிறேன். உன் கூட்டாளிக்கு நீ யோகன் என்றும் அவன் தாய்க்குப் பூமணி என்றும் பெயர் மாற்றி வைத்திருக்கிறாய். நானும் அப்படியே எழுதுகிறேன்.

நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். ஒரே தெரு, ஒரே வகுப்பு, ஒரே வயது, இரண்டு பேர். அவன் தகப்பன் வயல்காரன், உன் தகப்பன் நீ நாலாம் வகுப்பில் இருக்கும்போதே செத்துப்போனவர். அவன் தாய்க்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, உன் தாய் ஆசிரியை. அவன் கணக்கில் கெட்டிக்காரன், நீ ஓட்டத்தில். ஒரு பந்தி அவன், அடுத்த பந்தி நீ என்று கடைசிவரை மாற்றி மாற்றிக் கொண்டுபோயிருக்கிறாய். ஒப்பிட்டு எழுதச் சொல்லி நான் படிப்பித்தது உனக்கு மறக்கவில்லை. அதற்கு நூற்றுக்கு எண்பது போடுவேன். ஆனால் கட்டுரையை நீ முடித்த விதம் இருக்கிறதே: "என்னை விட்டார்கள், அவனைக் கொண்டுபோனார்கள். ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது." மகன், எனக்குத் தெரியும். பதினொரு வருடமாகத் தெரியும். நீ இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிட்டு, ஒருவனுக்கு அதிர்ஷ்டம், மற்றவனுக்கு இல்லை என்று பெருமூச்சு விட்டிருக்கிறாய். நீ வெளியே வந்ததும் அவன் உள்ளே போனதும் தனித்தனியாக நடந்த இரண்டு காரியங்கள் இல்லை. ஒன்றிலிருந்துதான் மற்றது வந்தது. இரண்டுக்கும் நடுவில் நான் இருக்கிறேன்.

எட்டாம் வகுப்பில் நான் உங்கள் இரண்டு பேருக்கும் வாசித்து விளங்கும் கிரகித்தல் பாடம் படிப்பித்தது நினைவிருக்கும். மணல் மூடின முகத்துவாரத்தை வெட்டிவிடுவதைப் பற்றி ஒரு சின்னப் பந்தி கரும்பலகையில் எழுதினேன். மாரி மழையால் வாவி நிரம்பியது, வயல்கள் மூழ்கின, முகத்துவாரம் வெட்டப்பட்டது, வெள்ளம் கடலுக்கு வடிந்தது, வயல் தப்பியது, இறால் எல்லாம் கடலோடு போயிற்று. இதில் காரணம் எது, விளைவு எது என்று கேட்டேன். நீ எழுந்து ஒழுங்காகச் சொன்னாய், நான் பெருமைப்பட்டேன். பின்வரிசை வாங்கிலிருந்து யோகன் எழும்பினான்.

"ரீச்சர், ஆர் வெட்டின எண்டு இதில இல்லயே?"

"அது கேள்வியில இல்ல. நீ இரி."

"வயல்காரன் வெட்டினா அவன்ட வயல் தப்பும். மீன்காரன்ட இறால் போகும். ஆர் வெட்டின எண்டு தெரிஞ்சாத்தானே ஏன் வெட்டின எண்டு தெரியும், ரீச்சர்?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே அவனை இருக்கச் சொன்னேன். புத்தகத்தில் இருந்த ஐந்து கேள்விக்கும் நீ விடை சொன்னாய், புத்தகம் கேட்காமல் விட்ட கேள்வியை அவன் கேட்டான். வாசிப்பதில் அவன் உன்னைவிட மட்டுமல்ல, என்னைவிடவும் கெட்டிக்காரன். அன்றைக்கே அது எனக்குத் தெரிந்தது, அது எனக்குப் பிடிக்கவில்லை. இப்போது இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

பிடிக்காததை நான் வீட்டில் எப்படித் தீர்த்துக்கொண்டேன் என்பதும் உனக்குத் தெரியும். "அவனப் பார், வயலுக்கும் போய்ப் படிக்கவும் செய்யிறான். தாய்க்கு எழுத வாசிக்கத் தெரியா. உனக்கு வீட்டிலயே ரீச்சர் இரிக்கன், நீ என்னடா எண்டா..." என்று சோற்றுக் கோப்பையைக் கையில் கொடுக்கும்போதே சொல்லுவேன். நீ பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழும்பிப் போவாய். ஒப்பிட்டால் பிள்ளைக்கு ரோசம் வரும் என்று நினைத்தேன். ரோசம் வந்தது எனக்குத்தான். பெற்ற பிள்ளையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு நிறுத்திப் பார்த்துப் பார்த்து, அந்தப் பிள்ளையின் மேல் எனக்கே ஒரு எரிச்சல் வந்து சேர்ந்தது. நாளைக்கு உன் பெண்சாதி வைக்கும் குழம்பை என் குழம்போடு சேர்த்துக் கதைக்காதே. இரண்டு பேரை நிறுத்தி அளக்கிறவன் இரண்டு பேரையும் பார்ப்பதில்லை. தனக்கு வேண்டிய ஒருவரை மேலே தூக்க மற்றவரை மிதிக்கிறான். பத்திரிகையிலும் இதைத்தான் செய்கிறார்கள், மேடையிலும் இதைத்தான் செய்கிறார்கள், நானும் இதைத்தான் செய்தேன்.

இராணுவத்தின் சுற்றிவளைப்பு நடந்த காலையை நீ எழுதியிருக்கிறாய், அதைத் திரும்ப எழுதவேண்டியதில்லை. எல்லாரையும் பாடசாலை மைதானத்தில் இருத்தினார்கள், ஆள் காட்ட முகத்தை மூடிக்கொண்டு இருந்தவன் உன்னைக் கண்டதும் தலையை ஆட்டினான், உன்னை ட்ரக்கில் ஏற்றினார்கள். அன்று யோகன் ஊரில் இல்லை. அவன் தகப்பன் வரம்பில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்து இரண்டு மாதமாகப் பாயில் கிடந்தார். வெட்டுக்கு நின்ற நெல் வேளாண்மையை யானையும் பன்றியும் அழித்துவிடும் என்று அந்தப் பிள்ளை படிப்பை நிறுத்திவிட்டு, வாவியைத் தோணியால் கடந்து, அக்கரையான படுவான்கரையில் இருந்த அவர்களுடைய வயல் வட்டையில் காவலுக்குக் கிடந்தான். இரண்டு நாளைக்கு ஒருக்கால் தோணித்துறையால் வந்து, தகப்பனைக் குளிப்பாட்டிவிட்டு, சோறும் கட்டிக்கொண்டு திரும்பிப் போவான். வாவிக்கு இந்தப் பக்கம் இராணுவத்தின் கையில் இருந்தது, அந்தப் பக்கம் இயக்கத்தின் கையில். அக்கரைக்குப் போய் இரவு தங்குகிற பதினேழு வயதுப் பையனை இந்தப் பக்கத்துக் கண் எப்படிப் பார்க்கும் என்று ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

மூன்று நாள் முகாம் வாசலில் நின்றேன். கும்பிட்டவர்கள், மண்ணில் விழுந்தவர்கள், நெஞ்சில் அடித்தவர்கள் என்று எத்தனையோ தாய்மார். அழுது ஒன்றும் ஆகாது என்று எனக்குப் பட்டது. படித்தவள் என்ற திமிர் அங்கேயும் என்னை விட்டுப் போகவில்லை. எழுதிக் கொடுத்தால் பார்ப்பார்கள் என்று வாசலில் நின்றவன் சொன்னான். எழுதத்தானே எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து மேசையில் இருந்து பெட்டிசம் எழுதினேன். என் மகன் நல்லவன், ஒழுங்கானவன் என்று ஒரு பந்தி எழுதி வாசித்துப் பார்த்தேன். வாசலில் நிற்கிற எல்லாத் தாயும் அதைத்தான் எழுதுவாள். இதை வாசிக்கிறவனுக்கு என் பிள்ளை எப்படித் தனியாகத் தெரிவான்? வகுப்பில் நான் எத்தனை தரம் சொல்லியிருப்பேன்: ஒன்றின் நிறம் தெரியவேண்டுமென்றால் பக்கத்தில் வேறொன்றை வை. பெயரில்லாமல் 'சிலர்', 'பலர்' என்று எழுதாதே, இரண்டு பக்கத்தையும் பெயர் சொல்லி எழுது. பிள்ளைகளின் கொப்பிகளில் 'சிலர்' என்று வருகிற இடமெல்லாம் சிவப்பால் கோடு போட்டவள் நான். அந்தப் பழக்கத்தில் என் பேனை தானாகப் போயிற்று.

என்ன எழுதினேன் என்பது எழுத்துக்கு எழுத்து எனக்கு மனப்பாடம். "இதே தெருவில் வசிப்பவரும் எனது மகனுடன் ஒரே வகுப்பில் கல்வி பயின்றவருமான" என்று தொடங்கி அவனுடைய முழுப்பெயர். "கடந்த இரண்டு மாதங்களாகப் பாடசாலைக்கு வருவதில்லை. அடிக்கடி வாவியைக் கடந்து அக்கரைக்குச் செல்கிறார். இரவில் வீட்டில் தங்குவதில்லை. இவருக்கு மாறாக எனது மகன் ஒருநாளும் தவறாது பாடசாலைக்குச் சமுகமளித்துள்ளார். வரவு இடாப்பின் பிரதி இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது." இதில் ஒரு பொய் இல்லை, மகன். ஒவ்வொரு வசனமும் உண்மை. அவன் பாடசாலைக்கு வரவில்லை என்று எழுதினேன், தகப்பன் பாயில் கிடக்கிறார் என்று எழுதவில்லை. அக்கரைக்குப் போகிறான் என்று எழுதினேன், வேளாண்மைக் காவலுக்கு என்று எழுதவில்லை. விளைவுகளை வரிசையாக அடுக்கிவிட்டுக் காரணத்துக்குரிய இடத்தை வெறுமையாக விட்டேன். அப்படி விட்டால் வாசிக்கிறவன் சும்மா இருக்கமாட்டான், தன் மனதில் இருக்கிற காரணத்தைக் கொண்டுவந்து அங்கே போட்டுக்கொள்வான். கையில் துவக்கோடு இருந்து வாசிக்கிற இராணுவத்தானின் மனதில் என்ன காரணம் இருக்கும்?

அதைச் சிங்களத்தில் மாற்றி அடிப்பிக்கப் புளியந்தீவுக்குப் போனேன். அரசாங்கக் கச்சேரிக்குக் கிட்ட தட்டச்சு வைத்திருந்த ஒரு வயதான மனிதர். என் தாளை வாசித்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ரீச்சர், இந்தப் பேரும் வேணுமா?"

"ஓம். அப்பதான் விளங்கும்."

"இன்னொருக்கா யோசிச்சுப் பாருங்க. இதில்லாமலும் நான் அடிச்சுத் தருவன்."

"நேரம் போகிது. அடிங்க."

அவர் அடித்து முடிக்கும்வரை என் முகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவனைப் பிடிப்பார்கள் என்று நினைத்தீர்களா அம்மா என்று நீ கேட்பாய். நினைக்கவில்லை என்றுதான் இவ்வளவு காலமும் எனக்கு நானே சொல்லி வந்தேன். அதுவும் முழு உண்மை இல்லை. அந்த நினைப்பு வரும்போதெல்லாம் அதைத் தள்ளி வைத்தேன். நீ உயிரோடு வந்தால் போதும் என்று இருந்தது, மற்றதெல்லாம் பிறகு பார்க்கலாம் என்று இருந்தது.

பெட்டிசம் கொடுத்த மறுநாள் பின்னேரம் உன்னை விட்டார்கள். முகம் வீங்கி, சேட்டில் பொத்தான் இல்லாமல் நடந்து வந்தாய். உன் கட்டுரையில் நான் மூன்றாம் தரம் வாசித்து நின்ற இடம் அதுதான். விடுவதற்கு முன் அதிகாரி கூப்பிட்டு யோகனின் முழுப்பெயரைச் சொல்லி, அவன் எங்கே என்று கேட்டதாக எழுதியிருக்கிறாய். படுவான்கரையில் வயற்காவலுக்கு, இரண்டு நாளைக்கு ஒருக்கால் துறையால் வருவான் என்று நீ சொன்னாயாம். 'அவனுடைய பெயர் அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு விளங்கவில்லை' என்று எழுதிவிட்டு, ஏதோ சின்ன விசயம்போல அடுத்த பந்திக்குப் போய்விட்டாய். இதை நீ அன்றைக்கு என்னிடம் சொல்லவில்லை. நான் உன்னிடம் பெட்டிசத்தைப் பற்றிச் சொல்லவில்லை. ஒரே வீட்டில் இருந்து, ஒரே சட்டிச் சோற்றைத் தின்றுகொண்டு, ஆளுக்குப் பாதியை வைத்திருந்திருக்கிறோம். பெயர் எப்படித் தெரிந்தது என்றால், நான் கொடுத்தேன். தட்டச்சில் அடிப்பித்து, கீழே கையெழுத்தும் வைத்துக் கொடுத்தேன். அவன் வருகிற வழியை நீ சொன்னாய். உன் மேல் பிழை இல்லை என்று சொல்லி உன்னைத் தடவிக்கொடுக்க நான் இதை எழுதவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை அந்த அதிகாரியின் வாயில் வைத்தவள் நான்.

சுற்றிவளைப்பு நடந்து ஆறாம் நாள் மத்தியானம் யோகன் தோணியால் துறையில் இறங்கும்போது பிடித்தார்கள். கையில் வெறும் சோற்றுப் பானையோடு ஜீப்பில் ஏற்றினார்கள் என்று கண்டவர்கள் சொன்னார்கள். பூமணி தலையை விரித்துக்கொண்டு எங்கள் வளவுக்குள்தான் ஓடி வந்தாள். "ரீச்சர், உங்கட மகனுக்கு எழுதின மாதிரி என்ட புள்ளைக்கும் ஒண்டு எழுதித் தாங்க. உங்கட எழுத்துக்கு விடுவானுகள்." எழுதினேன். அதை எழுதின கையை அன்றைக்கே வெட்டியிருக்கவேண்டும். நல்ல பிள்ளை, குடும்பத்துக்கு உழைக்கும் பிள்ளை, இரக்கம் காட்டி விடுதலை செய்யுங்கள் என்று வாசலில் நிற்கிற எல்லாத் தாயும் எழுதுகிற பெட்டிசத்தை எழுதினேன். அன்று எழுதவேண்டியது வேறு: நான் முன்னம் தந்த பெட்டிசத்தில் காரணத்தை மறைத்துவிட்டேன், அவன் போனது வேளாண்மைக் காவலுக்கு, தகப்பன் இடுப்பு முறிந்து கிடக்கிறார், வந்து பாருங்கள். இந்த மூன்று வசனம் போதும். எழுதினால் முன்னதைப் பொய்யென்று கிழித்துவிட்டு உன்னைத் திரும்பவும் கொண்டுபோவார்கள் என்று பயந்தேன். முதல் பெட்டிசத்தை அவசரத்தில் எழுதினேன் என்று ஒரு சாட்டாவது சொல்லலாம். இரண்டாவதை ஆற அமர இருந்து, என்ன செய்கிறேன் என்று தெரிந்துகொண்டே எழுதினேன்.

அந்தத் தாளின் பிரதியைப் பூமணி பொலித்தீன் பைக்குள் வைத்து, கண்ட முகாமுக்கெல்லாம் கொண்டு திரிந்தாள். எங்கே போனாலும் ஒரே பதில்: அப்படி ஒரு பெயரைக் கேள்விப்படவே இல்லை, நாங்கள் பிடிக்கவில்லை. அவன் தகப்பன் இரண்டாம் வருடம் கண்ணை மூடினார். உன்னை நான் கொழும்புக்கு அனுப்பி, அங்கிருந்து வெளிநாட்டுக்கும் அனுப்பினேன். பூமணி எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தவில்லை. என் துணி தோய்ப்பாள், எனக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைப்பாள், உன் காகிதம் வந்தால் முதல் ஆளாக வந்து குந்துவாள். போன மாதம் உன் கல்யாணக் கூறை எடுக்கக் காத்தான்குடிக்கு என்னோடு வந்தவளும் அவள்தான். கடைக்காரர் விரித்த சேலைகளில் கையை வைத்து வைத்துப் பார்த்து, "இது எடுங்க ரீச்சர், என்ட மகன்ட கலியாணத்துக்கெண்டா நான் இதத்தான் எடுப்பன்" என்றாள். அதையே எடுத்தேன்.

உன் கட்டுரையை அவளுக்கு வாசித்துக் காட்டினேன், நீ கேட்டாயே என்று. அதிகாரி யோகனின் பெயரைச் சொல்லிக் கேட்ட இடத்தை விட்டுவிட்டு வாசித்தேன். வாசிக்கத் தெரியாதவளிடம் ஒரு பந்தியை ஒளிப்பது எவ்வளவு சுகம் தெரியுமா? முடித்ததும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லா எழுதியிரிக்கான். ஆனா ரீச்சர், உங்கட மகன விட்டவனுகள், என்ட மகன ஏன் விடல்ல?" என்று கேட்டாள். "விதி பூமணி" என்றேன். முப்பது வருடம் காரணத்தைத் தேடு, காரணத்தைத் தேடு என்று பிள்ளைகளின் தலையில் குட்டியவள் சொன்ன விடை அது. அவள் போன பிறகு அந்த வார்த்தை எனக்கே அருவருப்பாக இருந்தது. அன்றைக்குத்தான் இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கினேன்.

இவ்வளவும் எழுதி முடித்து, நேற்று முன்தினம் காலையில் அவளைக் கூப்பிட்டு இருத்தி, இம்முறை ஒரு எழுத்தும் விடாமல் வாசித்தேன். அடிப்பாள் என்று நினைத்தேன், மண்ணை அள்ளிப் போடுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு:

"அப்ப அந்த ஆமிக் காம்புக்கு என்ட புள்ளட பேர் தெரிஞ்சிரிக்கி?"

"ஓம்."

"உங்கட மகனிட்ட அவன்ட பேரச் சொல்லிக் கேட்டிரிக்கானுகள். அதுக்கு மறுகாத்தான் புடிச்சிரிக்கானுகள்."

"ஓம் பூமணி."

"பதினொரு வரிசமா அப்பிடி ஒரு பேரே தெரியா எண்டானுகளே." எழும்பிப் போய் என் மேசையிலிருந்து தாளையும் பேனையையும் எடுத்துவந்து என் மடியில் வைத்தாள். "அண்டைக்கி எழுதாம விட்டத இண்டைக்கி எழுதுங்க. நீங்க குடுத்தத எழுதுங்க, அவனுகள் கேட்டத எழுதுங்க. உங்கட பேரப் போடுங்க. உங்கட மகன்ட பேரையும் போடுங்க."

"அவன் ஆவணியில வாறான் பூமணி. அவன்ட பேர் இதில போனா, வந்திறங்கின உடனே அவன..."

"என்ட புள்ளட பேரப் போடக்குள்ள இத யோசிச்சீங்களா, ரீச்சர்?"

அவள் குரலை உயர்த்தவில்லை. எழுதினேன். யாரோடும் யாரையும் ஒப்பிடாமல், எதனால் எது நடந்தது என்று தேதி வாரியாக எழுதினேன். நான் கொடுத்த பெட்டிசம், அதிகாரி உன்னிடம் கேட்ட கேள்வி, நீ சொன்ன பதில், துறையில் அவனைப் பிடித்தது, நான் எழுதாமல் விட்ட காரணம். உன்னுடைய முழுப்பெயரைச் சாட்சியாகப் போட்டிருக்கிறேன். இன்று காலையில் பூமணியும் நானும் கச்சேரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, பிரதியில் முத்திரை குத்தி வாங்கிவந்துவிட்டோம். நீ ஆவணியில் இங்கே வராதே. பெண் வீட்டாரோடு கதைத்துவிட்டேன், திருச்சியில் வைத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார்கள். நான் அங்கே வரமாட்டேன். விசாரணைக்கு எந்த நாளில் கூப்பிடுவார்கள் என்று தெரியாது, கூப்பிட்டால் பூமணிக்கு வாசித்துச் சொல்ல ஆள் வேண்டும். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் உன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று உனக்குக் கோபம் வரும். யோகனிடமும் நான் கேட்கவில்லை.

அம்மா